ஊருக்கு உரியவர் யார்?

(வலிகாமம் வடக்கில் மக்கள் மீளக் குடியேறிய ஓர் ஊரின் வாசிகசாலை மண்டபத்தில், ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவர் ஆற்றிய உரை இங்கே தரப்படுகின்றது. ஊர்க் கமக்காரரும், உத்தியோகத்தரும், விடுமுறையில் வெளிநாடுகளிலிருந்து வந்திருந்த ஊரவரும் கூட்டத்திற் கலந்துகொண்டனர்.)



"எங்கள் ஊர்" என்னும் பொருள்பற்றிப் பேசவேண்டும் என்று இவ்வாசிகசாலை இளைஞர்கள் கேட்டபொழுது நான் சற்றுத் தயங்கினேன். இப்பொருளிற் பேசுவது மிக எளிது என்பதே என் தயக்கத்துக்குக் காரணம். பனையைப் புகழலாம்; கோயில் மணியோசையை நினைவூட்டலாம்; ஒடியற் கூழின் சுவையைச் சொல்லலாம். கேட்போர் கண்கலங்குவர்; பின்னர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவர். வெளிநாடுகளிலுள்ள நம் ஊர்ச் சங்கங்களின் விழாக்களில் இவ்வகைப் பேச்சுக்கள் வேண்டிய அளவு நிகழ்கின்றன. நானோ நாற்பது ஆண்டுகள் காணி உறுதி எழுதிச் சீவித்தவன். ஊர் என்றதும் என் நினைவுக்கு முதலில் வருவது உறுதியின் அட்டவணைதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகின்றேன். பொறுத்தருள வேண்டும்.

உறுதி சொல்லும் ஊர்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். இன்ன கோயிற்பற்றில், இன்ன இறையில், இன்ன பெயருடைய காணி என்று தொடங்கும். கோயிற்பற்று என்பது போர்த்துக்கேயர் காலத்துக் கிறிஸ்தவத் திருச்சபைப் பிரிவு. சைவக் குடும்பத்தின் உறுதியிலும் அதையே எழுதுகின்றோம். எந்தக் கோயிலென்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அதன்பின் காணியின் பெயர் வரும். கலட்டி என்றும், புலம் என்றும், அடைப்பு என்றும், சீமா என்றும் முடியும் பெயர்கள். அவற்றை இட்டவர் எவரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பரப்புத் துண்டுக்குங்கூடப் பெயர் உண்டு. பெயருக்குப் பிறகுதான் விஸ்தீரணம் வரும். தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். வயற் காணியில் 24 பரப்பு ஓர் ஏக்கர். இந்தக் கணக்கை அறியாத கொழும்பு உத்தியோகத்தர் சிலருக்கு நான் பலமுறை பாடம் நடத்த வேண்டியதாயிற்று.

விஸ்தீரணத்துக்குப் பின் எல்லைகள். கிழக்கு எல்லை இன்னார் காணி, வடக்கு எல்லை இன்னாரும் பங்காளரும், மேற்கு ஒழுங்கை, தெற்கு இன்னார் பெண்சாதி இன்னார். கவனியுங்கள்: அயலவரின் பெயரைச் சொல்லாமல் உங்கள் காணியை எழுத முடியாது. அவ்வாறே அவருடைய உறுதியில் உங்கள் பெயர் கிடக்கின்றது. நீங்கள் அவரோடு பேசாமல் இருக்கலாம், வேலிக்காக வழக்காடலாம். ஆயினும் ஒருவர் மற்றவருடைய எல்லை.

கடைசியில் வரும் வரிதான் முக்கியமானது. "இதற்குள் வீடு, பனைகள், பயன்தரு மரங்கள் முழுவதும், கிணற்றில் 3ல் 1 பங்கும், வழி வாய்க்கால் உரிமையும்." மூன்றில் ஒரு பங்குக் கிணறு என்றால், கிணற்றை மூன்றாக வெட்டிப் பிரிக்க முடியுமா? முடியாது. பங்கு என்பது முறை. உமக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள், மற்றவருக்கு ஒரு நாள். துலா மிதித்து இறைத்த காலத்திலும் முறை இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின்னும் முறை இருந்தது. கிணறு தூர்வார வேண்டுமானால் மூவரும் செலவிடவேண்டும். மாரியில் கட்டு இடிந்தால் மூவரும் சேர்ந்து கட்டவேண்டும்.

இது சிறிய செய்தியன்று. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மழைக்கு ஓடி அடங்குவதுதான். பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அதைத்தான் நாம் அள்ளுகின்றோம். அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். உவர் ஏறிய கிணறு எளிதில் மீளாது. ஆகவே நம் முன்னோர் முறை வைத்து இறைத்தது மரியாதைக்காக மாத்திரம் அன்று. ஒருவன் முறை தவறினால் மூவருடைய தோட்டமும் கெடும்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுத்தளித்த தேசவழமைச் சட்டத்தைப் பற்றி இங்கே படித்தவர்கள் அறிவார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பிரிவுகளைப்பற்றி நாம் ஓயாது பேசுவோம். ஏனெனில் அவை பணம். அதிற் கண்ட இன்னொரு வழக்கத்தைப்பற்றிக் குறைவாகவே பேசுகின்றோம். ஒருவர் காணியை விற்க விரும்பினால், உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் அயலிலே காணி உடையவர்க்கும் முதலில் அறிவித்தல் வேண்டும்; அவர்கள் வாங்குவதற்கு இடம் கொடுத்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் சட்டம் அவ்வுரிமையைச் சுருக்கிவிட்டது என்பது வேறு விடயம். அவ்வழக்கத்தின் உட்கருத்து என்ன? காணி உம்முடையதுதான். ஆனால் அதை என்ன செய்கின்றீர் என்பது அயலவரையும் சாரும்.

போனவர்களும் வந்தவர்களும்

ஊரைவிட்டுப் போதல் நமக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம்மவர் மலாயாவுக்குப் போய்ப் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலைசெய்தனர். கொழும்புக் கந்தோர்களிலே எழுதுவினைஞராய் இருந்தோர் தொகை சொல்லத் தேவையில்லை. அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளையில் இங்கே கல்வீடுகள் எழுந்தன. ஆனால் அவர்கள் திரும்பினார்கள். மலாயாப் பென்சன்காரர் என்ற ஓர் இனமே ஒவ்வோர் ஊரிலும் இருந்தது. காலையிற் கோயில், மாலையில் வாசிகசாலை, இடையிடையே ஆங்கிலத்தில் அதட்டல். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் கொழும்பு உத்தியோகத்தனுக்கு ஊர் ஒரு பகற்பயணத் தூரமாயிற்று. பொங்கலுக்கும் சித்திரைக்கும் திருவிழாவுக்கும் வந்து போவான். வரும்பொழுது கிணற்றுக் கணக்கையும் தீர்த்துப் போவான். இல்லாத காலத்திலும் அவனுக்கு ஊரிலே ஒரு பங்கு வேலை இருந்தது.

1983 யூலைக்குப் பின்னர் போனவர்களின் பயணம் அத்தகையதன்று. அவர்கள் உயிர் தப்பிப் போனார்கள். 1990 யூனில் புகையிரதமும் நின்றது. 2014 ஒக்டோபரிற்றான் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. இடையிலே 24 ஆண்டுகள். ஒரு தலைமுறை முழுவதும் இவ்வூரைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு நா வராது.

1990 யூனில் நாங்கள் இவ்வூரைவிட்டு வெளியேறியதை நீங்கள் அறிவீர்கள். இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தில் என் தாயார் அடுப்படியில் ஊறுகாய்ச் சாடியை மூடிவைத்துவிட்டு வந்தார். நான் உறுதிக் கட்டையும் வீட்டுத் திறப்பையும் எடுத்துக்கொண்டேன். அந்தத் திறப்பை 26 ஆண்டுகள் வைத்திருந்தேன். வலிகாமம் வடக்கிலே 6,300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் 2013இல் ஒட்டப்பட்டபொழுது, இனித் திறப்பினாற் பயனில்லை என்று என் தமையனார் சொன்னார். பின்னர் 2015 தொடக்கம் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் திறந்துவிடப்பட்டது. வயாவிளான் வழியாகப் பலாலி செல்லும் வீதியில் மக்கள் போய்வர 2025 ஏப்ரலிற்றான் இடங்கிடைத்தது. இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் உண்டு. அவற்றின் உரிமையாளர் சிலர் இம்மண்டபத்திலும் இருக்கின்றனர்.

எங்கள் பகுதி 2016இல் விடுபட்டது. திறப்போடு போனேன். கதவும் இல்லை, கதவு பொருத்தக்கூடிய சுவரும் இல்லை. ஒழுங்கைகள் மறைந்து பற்றைக்காடாய்க் கிடந்தன. எது எவருடைய காணி என்று சொல்லக்கூடிய வேலி ஒன்றில்லை. நில அளவையாளரும் நானும் இரண்டு நாள் அலைந்தோம். ஈற்றில் எங்களுக்கு வழிகாட்டியது கிணறு. வட்டக் கட்டின் ஒரு புறத்தில் என் பாட்டனார் காலத்தில் இழுகயிறு தேய்த்த தடம் அப்படியே இருந்தது. அதை வைத்து எங்கள் காணியை நிச்சயித்தோம். எங்கள் காணியை வைத்து வடக்கு எல்லைக்காரரின் காணியை நிச்சயித்தோம். இப்படியே ஒழுங்கை முழுவதும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எல்லை கண்டோம். உறுதியில் எழுதி வந்ததன் பொருள் அன்றுதான் எனக்கு முழுதாய் விளங்கிற்று.

எல்லோருக்கும் ஒரே ஊரா?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு நேர்மையற்றதாகும். ஊர், ஊர் என்று நாம் உருகுகின்றோமே, அந்த ஊர் எல்லோருக்கும் ஒரேமாதிரி இருந்ததா? நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ள இடங்கொடுக்கப்படாமல், கிணற்றடியிற் காத்துநின்று பிறர் ஊற்ற வாங்கிச் சென்ற மக்கள் இதே ஊரில் இருந்தார்கள். அவர்களுடைய கை நம் தோட்டத்தில் இருந்தது. அவர்களுடைய பெயர் நம் உறுதியில் இல்லை. 1990இல் எல்லோரும் சேர்ந்தே வெளியேறினோம். காணியும் உறவும் பணமும் உடையவர் முகாமைவிட்டு விரைவில் வெளியேறினர். பிறர் காணியிற் குடியிருந்தவரும் கூலிக்குத் தோட்டம் செய்தவருமே பெரும்பாலும் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் முகாம்களிற் கிடந்தனர். நிலம் விடுபட்டபொழுதும் அவர்களுக்கு விடுபட நிலம் இருக்கவில்லை. ஊர்மேல் அவர்களுக்குப் பற்றில்லை என்று எவரேனும் சொல்லத் துணிவாரா?

இன்னொரு நாளையும் நினைவூட்டுகின்றேன். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த துயரை நாம் ஆண்டுதோறும் பேசுகின்றோம். அதற்குச் சரியாய் ஐந்தாண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாணத்து முசிலிம் மக்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். அவர்களும் இம்மண்ணின் உறுதிகளிலே எல்லைக்காரராய் இருந்தவர்கள். அவர்களிற் சிலருக்கு என் குருவானவர் உறுதி எழுதியிருக்கிறார். அன்று அவர்கள் போனபொழுது நம்மிற் பெரும்பாலோர் பேசாதிருந்தோம். நானும் பேசாதிருந்தேன். ஊர்ப்பற்றைப்பற்றிப் பேசுகின்ற எவரும் அந்த மௌனத்தைக் கணக்கிலே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரணைதீவு மக்கள்

பற்று என்பது எத்தகையது என்பதற்கு நான் எடுத்துக்காட்டு ஒன்று கூறுவதானால், இரணைதீவு மக்களைத்தான் கூறுவேன். அவர்கள் மீனவர். 1992இல் இடம்பெயர்ந்து, பூநகரிப் பக்கத்தில் இரணைமாதாநகர் என்னும் இடத்திலே தங்கியிருந்தனர். தீவிலே கடற்படை இருந்தது. கடற்கரையில் நின்று பார்த்தால் தீவு தெரியும். போய்க் குடியிருக்க இயலாது. 2017 மே முதலாந் திகதி அறப்போராட்டம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி, வெள்ளைக்கொடி கட்டிய தம் படகுகளில் ஏறித் தாமாகவே தீவுக்குப் போய் இறங்கினார்கள். முதலிலே தங்கள் மாதா கோயிலுக்குச் சென்று வணங்கினார்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். திரும்பிப் போகமாட்டோம் என்றார்கள். அரசாங்கம் ஈற்றில் இணங்கவேண்டியதாயிற்று.

அவர்கள் போன தீவில் மின்சாரம் இல்லை, நல்ல பள்ளிக்கூடம் இல்லை, வைத்தியசாலை இல்லை. இருந்த கட்டிடங்கள் இடிந்து கிடந்தன. கணக்குப் பார்ப்பவன் அங்கே போகமாட்டான். ஆனால் அவர்களுக்குக் கடல் அங்கே இருந்தது. கடலட்டையும் மீனும் தென்னையும் அங்கே இருந்தன. இறந்தோரின் கல்லறைகள் அங்கே இருந்தன. ஓர் இடத்துக்கு உரியவர் என்று அவர்கள் தங்களைக் கருதியது, அங்கே செய்வதற்கு அவர்களுக்கு வேலை இருந்தமையால்.

பூட்டிய படலைகள்

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். இராணுவ வேலி அகன்றபின், நம் ஊரிலே புதுவகை வேலி தோன்றியிருக்கின்றது. மதில் கட்டி, இரும்புப் படலை போட்டு, பூட்டிட்டு, உரிமையாளர் வெளிநாடு திரும்பிவிடுகின்றார். முன்பு சங்கடப்படலை என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் அறிவர். வாசலுக்கு மேலே கூரை, இருபுறமும் திண்ணை, வழிப்போக்கர் இருந்து இளைப்பாறத் தண்ணீர்ப் பானை. அதனோடு இரும்புப் படலையை ஒப்பிட்டு உருகுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. களவுபோகும் காலத்தில் பூட்டு வேண்டியதுதான். பூட்டுக்கு உள்ளே என்ன நிகழ்கின்றது என்பதே என் கேள்வி.

உள்ளே பார்த்தீனியம் வளர்கின்றது. அது பூத்து விதை சிந்தினால், மதிலுக்கு இப்பால் வெங்காயம் வைத்திருக்கும் கமக்காரனின் செம்மண்ணிலும் முளைக்கும். அவன் பிடுங்கிப் பிடுங்கிக் கை சொறிந்துகொண்டிருக்கிறான். உள்ளே கிணறு தூர்ந்து கிடக்கின்றது. அது மூன்று பங்குக் கிணறு. மற்ற இரு பங்காளருக்கும் அங்கே போக வழியில்லை. திறப்பு ரொறொன்ரோவில் இருக்கின்றது. உள்ளே வடலிகளும் பற்றையும் வளர்ந்து பாம்புக்கு இருப்பிடமாகின்றன. வெளியிலோ, இரண்டு பரப்பு நிலம் குத்தகைக்குக் கிடைக்காதா என்று இளங் கமக்காரர் அலைகின்றனர். காணியை விடுவிக்கக் கோரி வீதியில் இருந்த மக்களின் ஊரிலேயே, விடுபட்ட காணி இப்படிக் கிடப்பதைப் பார்த்து அதிகாரி ஒருவர் என்னிடம் கேட்டார்: "உங்களுக்கு உண்மையிலே காணி தேவைதானா?" எனக்குக் கோபம் வந்தது. மறுமொழி வரவில்லை.

இதை வெளிநாட்டிலிருக்கும் என் மருமகனிடம் தொலைபேசியிற் சொன்னேன். அவன் சொன்னான்: "மாமா, ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம். பத்து வருசத்திலை காணி அவையின்ரை ஆயிடும்." இந்தப் பயத்தை நான் இகழமாட்டேன். ஊரை நேசிக்காதவனாயின் அவன் எப்பொழுதோ விற்றிருப்பான். கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக்கும் இவ்வாசிகசாலைக் கூரைக்கும் பணம் தந்தவர்கள் இவர்களே. அவர்களுடைய பற்று மெய்யானது. ஆனால் பயம் அந்தப் பற்றைப் பூட்டிவைத்திருக்கின்றது. அந்தப் பயத்துக்குச் சட்டத்திலே மருந்து இருக்கும்பொழுது நான் பேசாதிருப்பது தவறு.

சட்டம் என்ன சொல்கின்றது?

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, பிறர் காணியைப் பத்தாண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராக, அவருடைய உரிமையை ஒப்புக்கொள்ளாது ஆண்டுவந்தவர் அதற்கு உரித்துக் கோரலாம். சொற்களைக் கவனியுங்கள்: எதிராக, ஒப்புக்கொள்ளாது. உம்முடைய அனுமதியோடு இருப்பவன், உமக்குக் குத்தகை தந்து இருப்பவன், உம்முடைய உரிமையை ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டே இருக்கின்றான். அவன் பத்தாண்டு இருந்தாலும், இருபதாண்டு இருந்தாலும், அந்த ஆட்சி உமக்கு எதிரான ஆட்சி ஆகாது. உண்மையில், காணியை எவருக்கும் கொடாமற் காடாக விட்டவரிடமிருந்தே களவாய்ப் புகுந்து ஆட்சி உறுதி முடிப்பது எளிது. குத்தகைக்காரன் இருந்தால் உமக்குக் காவலாளி இருக்கின்றான் என்று பொருள்.

ஆனால் வாய்ப்பேச்சுக் குத்தகை வேண்டாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன் இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும். நான் நொத்தாரிசு ஆனபடியால் இதைச் சொல்கின்றேன் என்று நினைப்பீர்கள். நான் ஓய்வுபெற்றுவிட்டேன், கூலி எனக்கு வராது. வெளிநாட்டிலிருப்போர் அங்குள்ள நமது தூதரகத்திலே அற்றோணித் தத்துவம் ஒப்பமிட்டு அனுப்பலாம். அதற்காக விமானம் ஏறவேண்டியதில்லை. வயற் காணி வேறு, அங்கே 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குத் தனிப் பாதுகாப்புத் தருகின்றது, அது நியாயமும்கூட. நான் இன்று பேசுவது தோட்டக் காணியைப்பற்றியே.

போர்க்காலத்திலே காணியைக் கவனிக்க முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஆட்சிக் கணக்கிற் சேர்க்காதிருக்க 2016இல் ஒரு விசேட சட்டம் நிறைவேற்றப்பட்டது. அது அக்காலத்துக்கே உரியது. போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாயின. இன்று கவனியாது விடுபவருக்கு அச்சட்டம் துணைவராது.

இன்னோர் ஆபத்தையும் 2025இற் கண்டோம். மார்ச் 28ஆந் திகதிய வர்த்தமானியில், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ், வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு அறிவித்தல் வந்தது. கோராவிடின் அரச காணியாகக் கொள்ளப்படும் என்பது அதன் பொருள். எதிர்ப்பு எழுந்தது, விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது, அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. அம்மூன்று மாதங்களும் என் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. உறுதி எங்கே என்று தெரியாதவர், உறுதி எரிந்துபோனவர், ஐந்து நாடுகளிற் சிதறிய பதினான்கு உரித்தாளிகளில் ஒருவராய்த் தம் பங்கு என்னவென்றே அறியாதவர். ஒருவர் கேட்டார்: "ஐயா, எங்கடை காணிக்கு என்ன பேர்?" பெரிய உத்தியோகத்திலே இருப்பவர் அவர். காணியின் பெயரை அவருக்குச் சொன்னவர் அவருடைய தந்தையின் தோட்டத்தில் வேலைசெய்த முதியவர்.

கமக்காரருக்கும் ஒரு சொல் உண்டு. வெளிநாட்டார் பயப்படுவதற்கு நம்மிற் சிலரே காரணம். குத்தகைக்கு எடுத்த காணியிற் கேளாமலே மாமரத்தைத் தறித்தவரும், கதியாலை ஒவ்வொரு மாரிக்கும் ஒரு சாண் தள்ளி நட்டவரும், இரவு முழுவதும் இயந்திரம் போட்டு இறைத்து அயற் கிணற்றை உவராக்கியவரும் இவ்வூரில் இருக்கின்றனர். பெயர் சொல்லமாட்டேன், நீங்களே அறிவீர்கள். நம்பி ஒருவர் படலையைத் திறக்கும்பொழுது அந்த நம்பிக்கையைக் கெடுப்பவர், தம் பின்னால் நிற்கும் பத்துப் பேருடைய குத்தகையைக் கெடுக்கின்றார்.

என் வீட்டுச் செய்தியையும் சொல்லிவிடுகின்றேன். எங்கள் ஆறு பரப்பும் என்னுடையதும் உடன்பிறந்தோர் மூவருடையதும். ஒருவர் கனடாவில், ஒருவர் யேர்மனியில், ஒருவர் கொழும்பில். மூவரும் தத்துவம் தந்துவிட்டனர். ஐந்தாண்டுக் குத்தகைக்கு எழுதியிருக்கின்றோம். எடுத்தவர் முகாமிற் பிறந்த இளைஞர். அவருடைய தந்தையார் 1990 வரை இதே ஒழுங்கையிலே பிறர் தோட்டத்திற் கூலிக்கு இறைத்தவர். உறுதியிலே மூன்று நிபந்தனைகள்: கிணறு தூர்வாருதல், கிளுவைக் கதியால் போடுதல், மாமரத்தில் கைவையாமை. அவர் தம் பங்குக்கு ஒரு நிபந்தனை கேட்டார்: கிணற்றில் அவர் வீட்டுப் பெண்கள் குடிதண்ணீர் அள்ளும் உரிமை எழுத்தில் இருக்கவேண்டும் என்று. ஏன் எழுத்தில் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுதினேன்.

ஒப்பமிட்டபின் அவர் கேட்டார்: "ஐயா, எங்கடை முறை எந்த நாள்?" உறுதியைப் புரட்டினேன். மூன்றில் ஒரு பங்கு என்றிருக்கின்றதே தவிர, நாள் எழுதப்படவில்லை. மற்றப் பங்காளரில் ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர் வீட்டில் வயது முதிர்ந்த அம்மா ஒருவர் இருக்கின்றார். அவரிடம் போனோம். அவர் சற்றும் யோசியாமற் சொன்னார்: "உங்கடை ஐயா வியாழனும் ஞாயிறும் இறைக்கிறவர்." அந்த முறைப்படியே வருகிற வியாழக்கிழமை முதல் இறைப்பு.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணி தொடக்கம் இவ்வாசிகசாலையில் இருப்பேன். குத்தகைக்குக் கொடுக்க விரும்புவோரும் எடுக்க விரும்புவோரும் வரலாம். உறுதியின் பிரதி, நில அளவைப் படம் இருந்தால் அதுவும், அடையாள அட்டையும் கொண்டுவாருங்கள். உறுதி இல்லாதவரும் வாருங்கள். எல்லைக்காரர் எவரென்று தெரிந்தால் அவருடைய உறுதியிலிருந்து தேடிப்பார்ப்போம். விடுமுறை முடிந்து திரும்பிப் போகின்றவர்கள், போவதற்கு முன் கிணற்றின் திறப்பையாவது பங்காளர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.